மாடி வீட்டு அக்காவும் ரெட்டைக்கண் கேமராவும்

படம் பார்க்கிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார் எங்கள் மாடி வீட்டு அக்கா. தான் எடுத்த படத்தை நம் கையில் கொடுத்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். எதிரே நாற்காலியைப் போட்டு, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, நம் வாய் எப்போது திறக்கும் என்று காத்திருப்பார். திறந்துவிட்டால் அவர் முகத்தில் வருகிற நிறைவு இருக்கிறதே, கல்யாண வீட்டில் இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கியவன் முகத்தில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் முகம் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் எப்படியாவது தேடிப் பிடித்து அவரைப் பாராட்டுவீர்கள். ஊரே பாராட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்து நான் வெந்தது போதும்.

எனக்குத் தூத்துக்குடியில் போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், ஞானஸ்நானம், வீட்டுப் பிரதிஷ்டை, சடங்கு வீடு, எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு வந்தவர். துறைமுகத்துக்கு வருகிற சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியில் மேனேஜர். உடன்குடிப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று என் மனைவி மெர்சி ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "வரிசையிலதான் நின்னேன் தாயி. என் முறை வாரதுக்குள்ள கவுண்டரை அடைச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

அந்தக் கேமராவை அவர் வாங்கிய அன்று நானும் கூடப் போயிருந்தேன். வாங்க வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான்.

பீச் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்தவர். ஏதோ வெளிநாட்டு மாலுமி கொடுத்துவிட்டுப் போன கேமராவாம், பெரியவர் காலமான பிறகு அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. "தம்பி, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க" என்று அக்கா கூப்பிட்டார். தோல் உறையில் பூஞ்சணம் பூத்திருந்தது. திறந்தால், அகலமான கேமரா, முன்பக்கம் இரண்டு கண் போல இரண்டு லென்ஸ்கள்.

அதன் சூட்சுமத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நம் இரண்டு கண்களுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தில் அந்த இரண்டு லென்ஸ்களும் இருக்கும். பொத்தானை ஒருமுறை அமுக்கினால் ஃபிலிமில் இரண்டு படம் விழும். ஒன்று இடது கண் பார்ப்பது, இன்னொன்று வலது கண் பார்ப்பது. கழுவி வந்த ஃபிலிமை வெட்டி, இரண்டையும் ஓர் அட்டைச் சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, அதற்கென்று உள்ள பெட்டிக்குள் செருகி இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு டார்ச் பல்பு எரியும். அப்போது படம் தட்டையாக இருக்காது. முன்னால் நிற்பவர் முன்னால் நிற்பார், பின்னால் இருக்கும் கடல் பின்னால் விலகிப் போய்விடும். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள்.

நான் ஷட்டரைத் தட்டிப் பார்த்தேன். ஏழு தடவை தட்டியதில் நாலு தடவை சிக்கியது. "அக்கா, இது ஷோகேஸ்ல வைக்குத சாமான். ஃபிலிமுக்கும் அலையணும், கழுவுததுக்கும் அலையணும். வேண்டாம்" என்றேன். என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. கூட இருந்த பெட்டியைக் கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். உள்ளே ஏதோ பழைய படம் ஒன்று மாட்டியபடியே இருந்திருக்கிறது. அவர் வாய் மெல்லத் திறந்தது. அப்படியே நின்றார். பிறகு பெட்டியை அந்த வீட்டு மருமகளிடம் நீட்டினார்.

அந்த அம்மாள் பார்த்தார். ஒரு நொடி சும்மா இருந்தார். அப்புறம் "ஐயோ, மாமா!" என்று கத்திவிட்டார். படகுத் தளத்தில் அவருடைய மாமனார் நின்றுகொண்டிருந்தாராம். "சட்டைப் பையில பேனா துருத்திக்கிட்டு நிக்குதே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அக்கா படத்தைத் திரும்பப் பார்க்கவே இல்லை, அந்த அம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பீடித்த கிறுக்கு அந்த ஜன்னலோரத்தில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். "படத்தை நீங்களே வச்சிக்கிடுங்க. கேமராவையும் பெட்டியையும் மட்டும் குடுங்க. எப்பப் பாக்கணும்னாலும் படத்தைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்திருங்க" என்றார். அந்த அம்மாள் சொன்னபடியே பலமுறை வந்தார், முறுக்குப் பொட்டலத்தோடு.

நானும் வாங்கிப் பார்த்தேன். வெளிறிப்போன ஒரு சாதாரணப் போட்டோ. "ஆஹா, நல்லாருக்கு" என்றேன்.

என் இடது கண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவதுதான் சரி. பார்த்தால் தெரியாது, சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பார்வை மட்டம். சின்ன வயதில், இங்கே பக்கத்தில் நாசரேத்தில் இருந்தபோது டாக்டர் என் நல்ல கண்ணைத் துணியால் மறைத்து, மட்டமான கண்ணைப் பழக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் "ஒத்தக்கண்ணா" என்று கேலி செய்தார்கள். நான் அழுது புரண்டேன். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, கழற்றிப் போட்டுவிட்டாள். அப்புறம் அந்தக் கண் பழகவே இல்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது "இதை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்று மட்டும் அம்மா சொன்னாள். கேமராக்காரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதானே வேலை செய்கிறான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மெர்சியே இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

முதலில் எல்லாரும் பாவலா காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அக்கா சென்னைக்கு அனுப்பிக் கேமராவைச் சரிசெய்து வாங்கினார். மும்பையிலிருந்து ஸ்லைடு ஃபிலிம் வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளம்பிவிடுவார். உப்பளத்துக்குப் போவார், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவார். எடுத்த ஃபிலிமைக் கூரியரில் மும்பைக்கு அனுப்பிவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்ததும் வெட்டி, சட்டத்தில் பொருத்தி, தான் பார்க்காமலே முதலில் அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார். "நான்தான் நேர்லயே பாத்துட்டேனே, எனக்கு எதுக்கு?" என்பார்.

முதல் தடவை வந்தது ஒரு சங்குக் குவியல். கிடங்கில் கொட்டிக் கிடந்த சங்குகளுக்குப் பக்கத்தில் குனிந்து எடுத்திருந்தார். மெர்சி பெட்டியைக் கண்ணில் வைத்தவள் கையை நீட்டி அந்தரத்தில் துழாவினாள். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எல்லாரும் கையை நீட்டினார்கள். ஊரே சேர்ந்து ஒரே மாதிரி பாவலா காட்ட முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே இன்டர்நெட்டில் தேடிப் படித்துவிட்டேன். ஒரு கண் மட்டமானவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் முன்னால் வராதாம். அன்று மெர்சி வைத்த நெத்திலிக் குழம்பு ருசிக்கவில்லை.

படம் எடுக்க அவர் ஒரு விதி வைத்திருந்தார். "கிட்டத்துல ஒண்ணு வேணும், நடுவுல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு. இல்லேன்னா ரெண்டு கண்ணுக்கு என்ன வேலை?" என்பார். சாதாரணமாகத்தான் சொல்லுவார். என்னைத்தான் குத்துகிறார் என்று எனக்குத் தோன்றும்.

பொறாமை என்பதை அதுவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எதிர்க்கடை ஸ்டுடியோக்காரன் டிரோன் வாங்கினபோது வந்தது, நானும் ஒன்று வாங்கியதும் போய்விட்டது. இது அப்படிப் போகிறதாக இல்லை. சாத்தான்குளத்திலிருந்து ஓர் அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்குப் பேச வீட்டுக்கு வந்திருந்தார். டிரோன் வீடியோவையெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா பெட்டியோடு இறங்கி வந்தார். அண்ணாச்சி வாங்கிக் கண்ணில் வைத்தார். வாய் திறந்தது. "ஏ யப்பா! தம்பி, கல்யாணத்தை இந்த ரெட்டைக்கண்ணு கேமராவுல எடுத்திர முடியாதா?" என்றார். எனக்கு முன்னால் வைத்திருந்த காப்பியில் ஆடை கட்டிவிட்டது.

"அது தம்பி தொழிலு அண்ணாச்சி. தம்பி மாதிரி எனக்கு எடுக்க வராது. நான் சும்மா வேடிக்கைக்கு எடுக்குத ஆளு" என்றார் அக்கா. வேலை எனக்கே வந்தது. அவர் விட்டுக்கொடுத்து எனக்குக் கிடைத்த வேலை அது. அந்தக் கல்யாணம் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அவர் என் அம்மாவை எடுத்துக்கொண்டார்.

அம்மா ஹாஸ்டல் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தனை பிள்ளைகளை அடக்கி ஆண்ட முகம், லேசில் இளகாது. என் ஸ்டுடியோத் திறப்பு விழாவுக்கு "நாலு படி ஏறணும், முட்டு தாங்காது" என்று சொல்லி ஆட்டோவில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணிவிட்டுப் போனவள். அக்கா வந்த பிறகு அதே முட்டோடு மாடிப்படி முழுக்க ஏறினாள். மாலைக் காப்பி மேலேதான். உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி. "அங்கன காப்பி நல்லாருக்கு" என்று மெர்சியிடமே சொல்வாள். மெர்சி சிரித்துக்கொண்டு கேட்பாள், எனக்குத்தான் பொறுக்காது. கீழே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "ஏளா, கத்தரிக்கோல அங்கனயா வச்ச? இந்தா பிடி. நேரா வெட்டு, ஓரம் கோணுது பாரு" என்று அம்மா சட்டம் பொருத்த உதவிக்கொண்டிருப்பாள். மெர்சியையே அம்மா "ஏளா" என்று கூப்பிட்டது கிடையாது. அது சொந்தப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல்.

என் கேமரா முன்னால் அம்மா ஒருநாளும் சிரித்ததில்லை. நான் தூக்கினாலே விறைத்துக்கொள்வாள், ரேஷன் கார்டு முகம் வந்துவிடும். "சிரிங்கம்மா" என்றால் "எதுக்கு?" என்பாள். ஊரில் இருக்கிற மாமியார்களையெல்லாம் சிரிக்கவைத்துப் படம் எடுத்தவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவிலிருந்து வந்தேன். அம்மா, மெர்சி, அக்கா மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. மெர்சி பெட்டியை என்னிடம் நீட்டினாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள். வலை காயப்போட்ட ஒரு படகு, பின்னால் கடல். "பிரமாதம்க்கா! படகு அப்படியே மூஞ்சியில வந்து இடிக்குது!" என்றேன்.

மெர்சி விழுந்து விழுந்து சிரித்தாள். விஷயம் இதுதான்: அக்கா சட்டத்தில் பொருத்தும்போது இடது படத்தை வலதிலும் வலது படத்தை இடதிலும் மாற்றி வைத்துவிட்டார். வழக்கம்போலத் தான் பார்க்காமலே கொடுத்துவிட்டார். அப்படி மாறிவிட்டால் உள்ளே எல்லாம் தலைகீழாகுமாம். படகு கடலுக்கு அந்தப் பக்கம் போய்ப் புதைந்துகொள்ள, கடல் முன்னால் வந்து நிற்குமாம். நான் வருவதற்கு முன்பு அம்மா, "என்னளா இது, கண்ணு நோவுது" என்று சொல்லிப் பெட்டியைக் கீழே வைத்திருக்கிறாள். மெர்சிக்குக் குமட்டியே விட்டதாம். அந்தப் படத்தைத்தான் நான் பிரமாதம் என்றேன்.

"சிரிக்காத தாயி. தம்பிக்குத் தொழில் பண்ணிப் பழகின கண்ணு. மாறி இருந்தாலும் மனசுலயே சரி பண்ணிக்கிட்டாரு" என்றார் அக்கா, சட்டென்று. மெர்சி அதை நம்பிவிட்டாள். அவர் என்னைக் காப்பாற்றியதை நினைத்து அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், என் இடது கண்ணைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று மாலை அவள் மாடிக்கு ஏறிப் போனவள் விளக்கு வைக்கிற நேரம்வரை இறங்கவில்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. கீழே ஆல்பம் ஒட்டுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றும் விழவில்லை.

அம்மா அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு இல்லை. படுக்கையில் விழாமல், யாருக்கும் பாரமில்லாமல் போனாள்.

வீட்டில் நினைவு ஜெபம் வைத்தோம். நாகர்கோவிலிலிருந்து அக்காள் வந்திருந்தாள், என் கூடப் பிறந்தவள். ஜெபம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது மாடி வீட்டு அக்கா பெட்டியோடு வந்தார். மொட்டை மாடியில் அம்மாவை ஒரு படம் எடுத்திருந்தாராம், கடைசி ரோலில். என் அக்காள் வாங்கிப் பார்த்தாள். ஒரு நொடி சும்மா இருந்தாள். "ஏலே, அம்மா இங்கனதாம்ல இருக்கா!" என்றாள். கை தானாக நீண்டது. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடிக்கிற மாதிரி விரல்கள் அந்தரத்தில் மடங்கின. பிறகு மெர்சி பார்த்தாள், பிள்ளைகள் பார்த்தார்கள், ஜெபம் நடத்திய சபை ஐயர்கூடப் பார்த்தார். எல்லாரும் கையை நீட்டினார்கள், எல்லாரும் அழுதார்கள்.

என் முறை வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள், பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதற்கும் பின்னால் துறைமுகத்துக் கிரேன்கள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரியச் சிரிக்கிறாள். வெளிச்சம் சரியாக விழுந்த, தட்டையான ஒரு போட்டோ. இமைகளை இறுக்கி மூடித் திறந்து பார்த்தேன், பெட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒருமுறை திரும்பி வந்த அம்மா எனக்கு மட்டும் வரவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிகிறாள். பெட்டியை வைத்துவிட்டு "நல்லாருக்கு" என்று சொல்லி, யார் முகத்தையும் பார்க்காமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அக்கா பின்னாலேயே வந்தார். கையில் ஒரு கவர். அதே நாற்காலி அங்கே கிடந்தது, அதில் என்னை உட்காரச் சொன்னார். கவரிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்தார். அதே படம்தான், இரண்டு லென்ஸும் பார்த்ததைத் தனித்தனியாகப் பிரிண்ட் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் கிளிப் மாட்டியிருந்தார்.

"எங்க பிரிண்ட் போட்டிய? நம்ம ஸ்டுடியோ இருக்கும்போது?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் கேட்க வந்தது.

"மதுரையில. உங்ககிட்டக் குடுத்தா முந்தியே பாத்திருவியளே."

"உங்களுக்கு எல்லாம் தெரியும், இல்லயா?"

"பீச் ரோட்டு வீட்டுலயே தெரியும் தம்பி. மத்தவங்களுக்கு ரெண்டு கண்ணும் கூடி வர ஒரு நொடி ஆவும், அதுக்கப்புறம்தான் வாய் திறக்கும். நீங்க பெட்டியக் கண்ணுல வைக்குததுக்கு முந்தியே 'ஆஹா'ம்பிய" என்றார். "அத விடுங்க. மேல உள்ள படத்தத் தூக்குங்க, விடுங்க. தூக்குங்க, விடுங்க. வெரசலா. ஒரு கண்ணே போதும்."

செய்தேன். சின்னப் பிள்ளைகள் புத்தக ஓரத்தில் பொம்மை வரைந்து ஓட்டுகிற மாதிரிதான். மேல் படம், கீழ்ப் படம், மேல் படம், கீழ்ப் படம். அம்மா அசையவில்லை. அவளுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இடமும் வலமுமாக நகர்ந்தது. கிரேன்கள் அதைவிட அதிகமாக நகர்ந்தன. தொட்டி பின்னால் போயிற்று, கிரேன் அதற்கும் பின்னால் போயிற்று. எல்லாவற்றுக்கும் முன்னால், நாற்காலியோடு, மூக்கும் கன்னமுமாக அம்மா வந்து உட்கார்ந்தாள். நான் கையை நீட்டினேன். கிளிப் விழுந்து படங்கள் கலைந்தன. பொறுக்கி எடுத்து மறுபடி ஆட்டினேன். கண்ணில் நீர் வந்து மறைத்தது, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி ஆட்டினேன்.

நிமிர்ந்தபோது அக்கா என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எதுக்கு இப்படிச் சிரிச்சாவ? என்ன சொல்லிச் சிரிக்க வச்சிய?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல தம்பி. அந்தப் படகுப் படத்து அன்னைக்கு மேல வந்து அழுதாவ. 'நான் அன்னைக்கு அந்தத் துணியக் கழட்டாம இருந்திருக்கணும்ளா'ன்னு சொல்லி அழுதாவ. அப்புறம் இந்தப் படம் எடுக்கையில, நான் முட்டிபோட்டு ஃபோகஸ் பண்ணிட்டு இருக்கேன், 'ஏளா, அவன் கண்ணுக்கும் இது தெரியுமா?'ன்னு கேட்டாவ. தெரிய வச்சிரலாம்மான்னேன். அப்பச் சிரிச்சதுதான். நான் அமுக்கிட்டேன்."

அதற்கடுத்த வருடம் அக்கா குஜராத்துக்கு மாற்றலாகிப் போனார். கேமராவையும் பெட்டியையும் கொண்டுபோய்விட்டார். மாடியில் இப்போது ஒரு வங்கி அதிகாரி குடும்பம் இருக்கிறது, நல்ல மனிதர்கள், அவர்கள்மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. கிளிப் மாட்டிய அந்த இரண்டு படங்களும் என் ஸ்டுடியோ மேசை டிராயரில் இருக்கின்றன. நினைத்தபோது எடுத்து ஆட்டிப் பார்த்துக்கொள்கிறேன். அம்மா வருகிறாள், என்னை நினைத்துத்தான் சிரிக்கிறாள். ஆனாலும் அந்தச் சிரிப்பை நேரில் பார்த்தது அவர்தான், நான் இல்லை.